வலையோரம் நின்றவன்

செம்மண் தரையில் டென்னிஸ் ஆடுகிறவன் வெள்ளைக் காலுறை வாங்குவது வீண். இரண்டே நாளில் காவி ஏறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. நானும் நிக்ஷாவும் பதினோரு வருஷம் ஒரே வாளியில் ஊறவைத்துத் துவைத்தோம். எது அவனுடையது, எது என்னுடையது என்று பார்த்ததே இல்லை.

உட்கார், லோவ்ரே. காப்பியைக் குடி. நிக்ஷாவும் யாஸ்னாவும் மீன் வாங்கப் போயிருக்கிறார்கள். வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் வாங்க மாட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். நீயும் இரட்டையர் ஆடுகிறவன்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு ஜோடியை மாற்றுகிறவன். நாங்கள் அப்படி இல்லை. நான் சர்வ் போடும்போது நிக்ஷா வலையோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் காதை உரசிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் என் பந்து போகும். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை. பெற்ற தாயை நம்பிக்கூட யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

அவன் இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முஷ்டியை மூடினால் அசைய மாட்டான். கையை விரித்தால் குறுக்கே பாய்வான். இதெல்லாம் ஊரில் எல்லா ஜோடியும் செய்வது. சுண்டுவிரலை மட்டும் நீட்டுவது எங்களுடையது. பாய்கிற மாதிரி ஒரு அடி எடுத்துவைத்து, பிறகு நின்றுவிடுவான். ஸாதர் நகரில் ஒரு குளிர்காலம், கணப்பு இல்லாத வாடகை அறையில், ஒரே சட்டியில் பீன்ஸ் தின்றுகொண்டு நாங்களே உண்டாக்கியது. கட்டிய மனைவி யாஸ்னாவுக்குக்கூட அது தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஜூலையில், முதல் சுற்றில் ஜெயித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பொரித்த மத்தி. நிக்ஷா முள்ளை எடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தான்.

"கிழவா, கோவிச்சுக்கக் கூடாது. அடுத்த வருஷம் அந்தப் பையன் லோவ்ரேகூட ஆடலாம்னு இருக்கேன்."

"ஆடு."

"ஆடுன்னா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? அவன் ஓடுற ஓட்டத்துக்கு உன் முழங்கால் தாங்குமா?"

"அவன் ஓடுவான், நான் நிப்பேன். இப்ப நாம ரெண்டு பேருமே நின்னுக்கிட்டில்ல இருக்கோம்."

சிரித்துவிட்டு அவன் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து என் தட்டில் வைத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மீனைத் தின்றேன். பிரிந்து போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். டென்னிஸில் அது புதிதில்லை.

வியாழக்கிழமை காலையில் நான்காம் ஆடுகளத்தில் என் மட்டையை மறந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் பயிற்சி செய்துகொண்டிருந்தீர்கள். நீ சர்வ் போட்டாய், அவன் வலையோரம் நின்றான். முதுகுக்குப் பின்னால் கை போனது. சுண்டுவிரல் நீண்டது. நீ பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாய். கம்பி வலைக்கு வெளியே நான் நின்றது உங்களுக்குத் தெரியாது. மட்டையை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

பொறாமை என்று நீ சொல்வாய். அடுத்தவன் பொருள்மேல் ஆசைப்படுவதுதான் பொறாமை. இது என் பொருள்.

மறுநாள் மாலை அரையிறுதி. எதிரே நீயும் உன் அர்ஜென்டினாக்காரனும். ஆளுக்கு ஒரு செட். கடைசியில் பத்துப் புள்ளி ஆட்டம். ஏழுக்கு ஆறு, நாங்கள் முன்னால். என் சர்வ், எதிரே நீ. நிக்ஷா முஷ்டியைக் காட்டினான். அசைய மாட்டேன் என்று அர்த்தம். நான் பந்தைத் தூக்கிப் போட்டேன்.

"நிக்ஷா" என்றேன்.

சத்தமாக இல்லை. சாப்பிடும்போது உப்பைக் கேட்கிற குரலில். கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டது. திரும்பினான். எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான், கேலி செய்யத் தயாரான முகம் அது. தூக்கிப் போட்ட பந்தை அடிக்காமல் கையில் பிடித்துவிடலாம். விதி அதற்கு இடம் தருகிறது. வெயில் கண்ணில் அடித்தால் நானே எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். அன்று என் கண்ணில் வெயில் இல்லை.

வேகப் பலகையில் இருநூற்று மூன்று என்று காட்டியது. அந்த வாரத்தில் நான் போட்ட சர்வ்களில் அதுதான் வேகமானது. என் சர்வைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நினைத்த இடத்தில் விழும் என்று.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உண்மையாகத்தான் அழுதேன். மக்கள் எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார்கள். நீங்கள் மிச்சத்தை ஆடாமலே இறுதிப் போட்டிக்குப் போனீர்கள். அதில் தோற்றதாகக் கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரி நடையில் நீ என்னிடம் வந்தாய்.

"நீங்க அவரைக் கூப்பிட்டீங்கல்ல? உதடு அசைஞ்சதைப் பாத்தேன்."

"பந்து தவறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் கத்தினேன். குனிய வைக்கலாம்னு பாத்தேன்."

நீ தலையாட்டினாய். ஆனால் மூன்று வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இன்று இங்கே வந்ததும் அதைத்தான் மறுபடி கேட்டாய், முன்னாலா, பின்னாலா என்று. முன்னால்தான், லோவ்ரே. கூப்பிட்டேன், திரும்பும் வரை காத்திருந்தேன், அடித்தேன்.

இதை நீ நிக்ஷாவிடம் சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். அவன் நேரே என்னிடம்தான் வந்து கேட்பான். நான் இல்லை என்பேன். அதோடு முடிந்துவிடும். பிறகு உன்னோடு அவன் பேசவே மாட்டான்.

அந்த வருஷமே நானும் ஆட்டத்தை விட்டுவிட்டு இவர்களுடைய இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். வலது கண் போனதிலிருந்து அவன் காப்பியை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகும், அதனால் நான் ஊற்றுகிறேன். வலது பக்கம் எது வந்தாலும் அவனுக்குத் தெரியாது, அதனால் தெருவில் நான் வலது பக்கம் நடக்கிறேன். "வின்கோ, நீங்க மட்டும் இல்லேன்னா இந்த மனுஷன் என்ன ஆயிருப்பாரோ" என்று யாஸ்னா அடிக்கடி சொல்வாள். முன்பு வருஷத்தில் முப்பது வாரம்தான் அவனோடு இருந்தேன். இப்போது ஐம்பத்திரண்டு வாரமும் இருக்கிறேன். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

உனக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை நீ அவனுக்குப் போன் செய்தாயாம். அன்றிலிருந்து சீட்டியடித்துக்கொண்டே திரிகிறான். "சொல்லிக்குடுக்க ஒத்தைக் கண்ணு போதாதா, கிழவா?" என்று கேட்டான். போதும் என்றேன். நானும் சிரித்தேன்.

குரல் கேட்கிறது, வந்துவிட்டார்கள். பயிற்சிக்கு வரச் சொல்லி அவனிடம் கேட்டுவிட்டுப் போ, அது உன் இஷ்டம். ஆனால் ஊர் ஊராக அலைகிற பிழைப்பு அது. எங்கும் பந்து பறக்கிற இடம். அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு கண். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்.