காயில் மேல் ஈரத்துணி

பகல் பன்னிரண்டரை. காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் போகிற ரோடு. ஒரு ஈ காக்கா இல்லை... நெருங்கி உட்காருங்க தங்கங்களா. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு யார் சொன்னது?

நம்ம ரெஹானாவோட சாச்சி மகன் நவாஸ், கம்பத்தில் வேன் மெக்கானிக். அன்றைக்கு ஒரு ஆம்னி வேனைத் தனியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தேனி பஜார் ஞானசிகாமணி புதிதாய் வாங்கிய பழைய வண்டி. சூடேறினால் நின்றுவிடும், ஆறினால் ஓடும். அதில் முன்சீட்டைத் தூக்கினால்தான் எஞ்சின். காலையில் ஷெட்டில் தூக்கியதுமே நவாசுக்கு வண்டி அடையாளம் தெரிந்துவிட்டது. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில்... அதன் ஒயரில் அவன் கையால் சுற்றிய நீல டேப்.

போன வருஷம் இது ஈஸ்வரபாண்டி வண்டி. இதே கோளாறு. புதுக் காயில் வரும்வரை ஓடட்டும் என்று, உடைத்த வண்டியில் கழற்றிய பழசை மாட்டினான் நவாஸ். சூடேறும்வரை ரோட்டில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. நாலாம் நாள், இதே ரோடு, இதே உச்சி வெயில். ஈஸ்வரபாண்டியின் சம்சாரம் ஜோதிலட்சுமி உள்ளே பிரசவ வலியில் துடிக்க, வண்டி நின்றது. புருஷன் போன் போட்டதற்கு, "காயில் மேல ஈரத்துணி போட்டுட்டுப் பத்து நிமிஷம் பொறுங்க" என்றான் நவாஸ். தன் பச்சைச் சேலையைக் கிழித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்துக் கொடுத்தது அவள்தான்.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

பழைய காயில் சங்கதி ஈஸ்வரபாண்டிக்குத் தெரியாது. இன்றைக்கும் பார்த்தால், "அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் பாய் போனை எடுத்தீக" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

காலையில் அந்தப் பழசைக் கழற்றிவிட்டு இப்போது அவன் மாட்டியிருந்தது புத்தம்புதுக் காயில். வண்டி நிற்காமல் ஓடினால், அன்று கொன்றது அவன் போட்ட பழசு. நின்றால் வேறு கோளாறு, பழி அவன் மேல் இல்லை. நிற்கட்டும், நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

திராட்சைத் தோட்டத்துக்கிட்டே... லொடக். லொடக். நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாவுக்கு நன்றி வந்துவிட்டது வாயில். பாவி மகன்.

சீட்டைத் தூக்கினான். பெட்ரோல் வாசம் இல்லை... பச்சை மஞ்சள் வாசம். கொதிக்கிற எஞ்சினில், புதுக் காயில் மேல், பச்சைச் சேலைக் கிழிசல். சொட்டச் சொட்ட ஈரம்.

பின்சீட்டில் மூச்சிரைக்கிற சத்தம். அப்புறம், மெல்ல...

"பத்து நிமிஷம் ஆச்சா பாய்?"

அவன் திரும்பவில்லை. துணியை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு... பிடித்துக்கொண்டது. அந்தக் கொதிப்போடேயே தேனிவரை ஓடியது. இன்றுவரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்போ அன்று கொன்றது எது?

துணி அவன் ஷெட்டுக் கொடியில் கிடக்கிறது. சித்திரை வெயிலும் வந்து போய்விட்டது கண்ணுகளா... இன்னும் சொட்டுகிறதாம்.