மண் வாளி

இந்த லிஃப்ட் கதவு கொஞ்சம் அவசரப்படுகிறது. நான் இரண்டாவது காலை உள்ளே வைப்பதற்குள் மூடப் பார்க்கிறது. ஜம்புவிடம் சொல்லியிருக்கிறேன், ஆள் வரச் சொல்வான். மற்றபடி இந்தப் புதுக் கட்டடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லாரும் புதுவீடு புகுந்தாயிற்று. மொட்டை மாடியில் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்ததும் ஷ்ருதி, "விஜி மாமி, ஒரு கதை சொல்லுங்கோ" என்கிறாள். உங்களில் பாதிப் பேர் மே மாத லீவில் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவர்கள். உங்களுக்கு நான் எப்போது இல்லை என்று சொன்னேன்? நம் செக்ரட்டரி ஜம்பு வேறு, கீழே உள்ள ஹாலுக்கு என் கணவர் பெயரை வைக்கப்போவதாகச் சொல்கிறான். அதைக் கேட்டதும் சாருலதா பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்று அவர் கதையே. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள் கண்ணுகளா.

அனந்தகிருஷ்ணன் என்னைக் கல்யாணம் செய்துகொண்டபோதே அவரிடம் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. ஆமை போல முதுகு வளைந்தது. அதை விற்றுத்தான் பிற்பாடு வேனை வாங்கினார். இரண்டுக்கும் குணம் ஒன்று. எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரே குடிக்காது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். மாட்டுங்கா கோவில் வாசலில் ஒரு தடவை கார் நின்றுபோனது. உதவிக்கு வந்த பழக்காரர் முன்மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது. அவர் நிஜமான வருத்தத்தோடு, "அரே சாப், இஞ்சின் சோரி ஹோ கயா" என்றார், எஞ்சினையே திருடிவிட்டார்களாம்.

மே மாதத்தில் கண்டாலா மலைச்சாலை ஏறும்போது மற்றக் கார்கள் எல்லாம் மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கும். எங்கள் வேன் மெதுவாக, நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக, நிற்காமல் போகும். அவர் ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவருவார். எங்களுக்கு இல்லை, நின்றுபோனவர்களுக்கு. அவர்கள் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, தண்ணீர் வேண்டாத எஞ்சினைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு வருவார். அந்த நேரங்களில் இவரைப் போல நல்ல மனிதர் கிடையாது என்று எனக்குத் தோன்றும். இப்போதும் தோன்றுகிறது.

ஊருக்குள் வந்ததும் வேன் நின்றுவிடும். சயான் சர்க்கிளில் நிற்கும், சுனாபட்டி ரயில்வே கேட்டில் நிற்கும். எங்கள் மகன் சாய்நாத்தின் பூணூலன்று மண்டபத்துக்கு முன்னால் நின்றது. அவர் ஸ்டீயரிங்கில் இருப்பார். நான் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளுவேன். "இன்னும் கொஞ்சம் விஜி, இதோ பிடிச்சுடும்" என்பார். பிடித்துவிடும். பிடித்த பிறகு நிறுத்தமாட்டார், நிறுத்தினால் அணைந்துவிடுமே. நான் ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். முழங்கால் இரண்டும் எப்படிப் போயின என்று டாக்டர் கேட்டபோது, வேன் என்றேன். மோதிவிட்டதா என்று கேட்டார்.

பிறகு கட்டடத்துக்கு வயதாயிற்று. உங்களுக்குத் தெரியாததா? ஷ்ருதி வீட்டில் கூரையின் காரை பெயர்ந்து தொட்டிலுக்குள்ளேயே விழுந்தது. குழந்தையை அப்போதுதான் குளிக்க எடுத்துப் போயிருந்தாள். இடித்துக் கட்டித் தருகிறேன் என்று பில்டர் வந்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டீர்கள். என் கணவர் ஒருவர் போடவில்லை. புதுக் கட்டடத்தில் கார்களை இரும்புத் தட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்துவார்கள். எங்கள் வேனின் உயரத்துக்கு அந்தத் தட்டு போதாது. தெருவில் விடுவதற்கு அவர் தயாரில்லை. மீறி இடித்தால் கோர்ட்டில் ஸ்டே வாங்குவேன் என்றார். கேஸ் உள்ள இடத்தில் கை வைக்கமாட்டேன் என்று பில்டர் ஒதுங்கிக்கொண்டார்.

நானும் கேட்டுப் பார்த்தேன். "மூணு மாடி ஏற முடியலைன்னா" என்றேன்.

"மெதுவா ஏறேன். யார் அவசரப்படுத்தறா?"

"ஷ்ருதி குழந்தையை நெனச்சுப் பாருங்கோ."

"தொட்டில நகத்திப் போடச் சொல்லு. வேன நகத்த முடியுமோ? அது எங்க நிக்கறதோ அங்கதான் நான்."

கோபமாகச் சொல்லவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

ஆகவே வேன் இல்லாமல் போனால் போதும் என்று எனக்குத் தோன்றியது. வேன் மட்டும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அதன் பெட்ரோல் ட்யூபை மாற்ற வேண்டும். ரப்பர் இற்றுப்போனால் எஞ்சின் மேலேயே பெட்ரோல் சொட்டும். குர்லாவிலிருந்து மெக்கானிக் முகம்மது ஹனீப் வந்து மாற்றிவிட்டுப் போவார். அந்த வருஷம் ஹனீபுக்குப் போன் செய்து, சார் வேனை விற்கப் போகிறார், வரவேண்டாம் என்றேன். என் கணவரிடம், நீங்கள் கண் டாக்டரிடம் போயிருந்தபோது ஹனீப் வந்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். இரண்டு பேருமே என் வார்த்தையை நம்புகிறவர்கள். மறு வருஷமும் அப்படியே சொன்னேன்.

வேன் பக்கம் போனாலே பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்தது. கொரோனாவில் படுத்து எழுந்த பிறகு அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. வத்தக்குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. "ஏதாவது வாசனை வரதா விஜி?" என்று அவ்வப்போது கேட்பார். ஒன்றும் இல்லையே என்பேன்.

ஆயுத பூஜையன்று மற்றவர்கள் வண்டியின் முன்பக்கம் கற்பூரம் காட்டுவார்கள். இதற்கு முகம் பின்னால் என்பார் அவர். பின்மூடியைத் திறந்து, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி சாத்தி, உள்ளேயே ஆரத்தி எடுப்பார். நீங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்ததுதான்.

சுவரோரமாகச் சிவப்பு வாளியில் எப்போதும் மண் இருக்குமே, அதுவும் உங்களுக்குத் தெரியும். ஏன் என்பதை அவர் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த எஞ்சினின் கூடு ஏதோ இலேசான உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீரே ஊற்றக் கூடாது, வெள்ளையாகச் சீறி முகத்தில் தெறிக்கும், மண்தான் போட வேண்டும். "குடிக்காதவனுக்கு ஊத்திக் குடுத்தா ஆடுவானே, அந்த மாதிரி" என்பார்.

அந்த மண் கறிவேப்பிலைக்கு நல்லது என்று ஒரு நாள் தோன்றியது. தொட்டியில் கொட்டிவிட்டேன். இப்போது கேட் பக்கத்தில் வைத்திருக்கிறோமே, அதே தொட்டிதான். இன்றைய ரசத்திலும் அந்த இலைதான்.

அந்த இரண்டாவது வருஷம் பூஜை நேரத்தில் நீங்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தீர்கள். கீழே நாங்கள் இருவர் மட்டும். கற்பூரத் தட்டை அவர் உள்ளே நீட்டினார். முதலில் நீலமாக ஒரு நாக்கு ஓடியது. பிறகு எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அவர் விலகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வேட்டி கட்டிய, கண் சரியாகத் தெரியாத, எழுபது தாண்டிய மனிதர் வேறு என்ன செய்வார்? அவர் மேல்துண்டை எடுத்து அடித்தார். துண்டு பற்றியதும் அதைப் போட்டுவிட்டுக் கையால் அடித்தார். எஞ்சினின் ஒரு ஓரம் வெளுக்க ஆரம்பித்தது.

"விஜி, மண்ணு" என்று கையைப் பின்னால் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பானரோ காபியோ, நான் கொடுப்பதைப் பார்க்காமல் வாங்கித்தான் அவருக்குப் பழக்கம். நான் வாளியைக் கொடுத்தேன். பார்க்காமலே கவிழ்த்தார், வெள்ளையாகச் சீறியது.

அதற்கு அப்புறம்தான் சாருலதா முதல் மாடியிலிருந்து குடத்தோடு ஓடிவந்து ஊற்றினாள். சாருலதா, இங்கே பாரம்மா. மாமா சொன்னது மறந்துபோய்த் தண்ணீரை ஊற்றிவிட்டேனே என்று நீ இத்தனை வருஷமாக ஒரு நல்ல நாளில்கூட வாயில் இனிப்பு வைப்பதில்லை. உன் குடம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொள். ஹனீபுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். வரவேண்டாம் என்றாலும் வந்து பார்த்திருக்கலாமே என்று மயானத்தில் நின்று அழுதார், பாவம்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். முகம் முழுக்கக் கட்டு. ஒரு நாள் கேட்டார், "விஜி, நான் மண்ணுன்னுதானே கேட்டேன்?"

"ஆமாம்னா."

"அதானே. நான்தான் மாத்திச் சொல்லிட்டேனோன்னு பார்த்தேன்" என்றார்.

காரியங்கள் முடிந்ததும் கையெழுத்தை நான் போட்டேன். ஷ்ருதியின் குழந்தை இதோ விரிசல் இல்லாத தரையில் ஓடுகிறது. ஹாலுக்குத் தாராளமாக அவர் பெயரை வையுங்கள்.

வேன் மட்டும் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். வாளியில் தண்ணீர் எப்படி வந்தது என்று ஜம்பு கேட்கிறான். இங்கே இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருவதில் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பழைய கட்டடத்தில் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், விட்டால் மறுநாள்தான். அதனால் பூஜையன்று எழுந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு வாளியில் பிடித்து, படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்று மாடியும் இறக்கிக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன். அவர் கேட்கிற நேரத்தில் இல்லாமல் போய்விடக் கூடாதே.