உட்காருதல் என்று குறித்தேன்

"பரவாயில்ல மேடம், ஃபேன் சத்தம் எனக்குப் பழக்கம்தான். எங்க விட்டேன்?"

"உங்க மாமனார் விழுந்த இடத்துல," என்றார் இன்ஸ்பெக்டர்.

விழுந்தது என்பது அவருடைய சொல். என் தொழிலில் பெயரை அவ்வளவு அவசரமாக ஒட்டிவிட மாட்டோம். வீடியோவில் மனிதர்கள் அசைவதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைப்பேன்: நடத்தல், குனிதல், உட்காருதல், விழுதல். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பிறகு முதியவர் யாராவது வீட்டில் விழுந்தால், அதுவே உறவினரின் போனில் அலாரம் அடிக்கும். சோதனைக்காக எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கேமரா வைத்தேன்.

மாமா உட்காரும் விதமே அலாதி. நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, மூட்டையை இறக்குவதுபோல் தொப்பென்று தன்னைப் போட்டுக்கொள்வார். அலாரம் அடிக்கும். என் மனைவி அலுவலகத்திலிருந்து பதறியடித்து ஓடிவருவாள். மாமா கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"அடுத்தவன் குனியிறதையும் நிமிர்றதையும் பாத்தே மாப்ள சம்பாதிக்கிறாரு. நான் உக்கார்றது மட்டும் அவருக்குப் பிடிபடல."

"அப்பா, சும்மா இருங்க," என்பாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. ஒரே வாரத்தில் அவருடைய தொப்புகளை எல்லாம் வெட்டி, 'உட்காருதல்' என்று குறித்துக் கம்ப்யூட்டருக்கு ஊட்டினேன். நடுவில் இரண்டு முறை அவர் நிஜமாகவே விழுந்திருந்தார். அவற்றையும் 'உட்காருதல்' என்றே குறித்தேன். அலாரம் வாயை மூடிக்கொண்டது. வீட்டில் நிம்மதி.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, அலுவலகத்தில் என் மேசையிலிருந்து கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் சரிந்தார். திரையில் 'உட்காருதல்' என்று வந்தது. சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டது. பெருமையாக இருந்தது.

"உடனே ஏன் யாருக்கும் போன் பண்ணல?"

"எங்க வேலையில ஒரு விதி மேடம். ஆள் அடுத்து அசைஞ்சாத்தான் முந்தின துண்டு முடியும். நடுவுல கை வைக்கக் கூடாது."

அவர் அசையவில்லை. காத்திருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தும் காத்திருந்தேன். மூன்று மணிக்கு மனைவி வீட்டுக்கு வந்து, அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது அவருடைய அசைவில் சேராது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லையாம். அந்தத் துண்டு முடியாமலே கிடக்கிறது.

"மேடம், நீங்க எப்படியும் அங்க போவீங்க. மாமா ஒரு விரல அசைச்சாக்கூட, மணி என்னன்னு குறிச்சுட்டு வந்து சொல்றீங்களா? விநாடியோட சேத்து."