கிலோவுக்குப் பன்னிரண்டு

தட்டில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. "இவருக்குப் பரிமாறணும்னா நான் மொட்டை அடிச்சுக்கணும்" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்ட என்னைத்தான் உணவுத் தர அலுவலகத்தில், குழந்தைகளுக்கான கஞ்சிமாவுக் குழுவின் செயலாளராகப் போட்டார்கள். குழுவில் ஒன்பது பேர். ஆறு பேர் மாவு ஆலைகளின் ஆட்கள். இருவர் அந்த ஆலைகளுக்கு ஆலோசனை சொல்பவர்கள். மிச்சம் நான். இதற்குப் பெயர் தொழில்துறையின் பங்கேற்பு.

மாவில் எலிப்புழுக்கை இருக்கவே கூடாது என்றது பழைய விதி. பெரிய ஆலையின் பிரதிநிதி எப்போதும் கல்யாணக் கோலத்தில் வருவார். அதனால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. "பூஜ்யம்னா பயமா இருக்கு ஸார். ஒரு நம்பர் குடுங்க, கைகட்டி நிக்கிறோம்" என்றார், மிக மரியாதையாக.

எண்ணைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆலைகளிலிருந்து பத்து மூட்டை வரவழைத்து எண்ணுவோம். எது ஆக மோசமோ, அதுதான் வரம்பு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கிலோவுக்கு ஆறு என்று வந்தது. உடைந்த புழுக்கையை அரையாக எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா என்று ஒரு மதியம் முழுக்க வாதிட்டோம். நடுவில் கேக் வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பரிசோதனைக்கூடத்து அம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "காலை அளந்து செருப்பு தைப்பாங்க. நீங்க எலியை அளந்து சட்டம் தைக்கிறீங்க ஸார்."

சிரித்துவிட்டேன்.

போன மாதம் மாப்பிள்ளை ஆலையின் பாக்கெட் ஒன்றோடு அந்த அம்மா என் அறைக்கு வந்தாள். "பதினொண்ணு இருக்கு ஸார். மோந்து பாருங்க. காப்பகத்துல இதைத் தின்ன நாலு பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது. இந்தச் சரக்கை இன்னிக்கே நிறுத்துங்க."

"வரம்பு மீறினா நிறுத்தித்தானே ஆகணும்மா" என்றேன். நிம்மதியாகப் போனாள்.

ஒரு மரியாதைக்காக மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "சல்லடை மாத்தணும்னா பன்னெண்டு நாள் ஆலையை மூடணும் ஸார். நீங்க மனசு வெச்சா..."

வைத்தேன். வரம்பைப் பன்னிரண்டாக்கும் திருத்தத்தை எழுதி, முந்தின வாரத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பதினொன்று என்று போட்டால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

மறுநாள் அவளுடைய அறிக்கையில் குத்த 'ஏற்கத்தக்கது' என்ற முத்திரையைக் கையில் எடுத்தேன். அவள் கத்தவில்லை. "ஒரு ஸ்பூன் வாயில போட்டுட்டுக் குத்துங்க ஸார்" என்று பாக்கெட்டைப் பிரித்து வைத்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குத்தினேன்.

அந்த வாரத்துக்குள் ஐந்து குழந்தைகள் இறந்தன. கடைசிக் குழந்தைக்கு ஒன்பது மாதம். நோய் பரவுவது தெரிந்தே செய்தேன்; யாரும் மிரட்டவில்லை. அப்படியே என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தையை மட்டும் திருத்திவிடுங்கள். உங்கள் தாளில் 'கெட்டுப்போன உணவு' என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்ட தேதியில் அது முழுத் தரமான உணவு.