அழுகிய புதினாவுக்கு ஒரு தேங்காய்

மகளுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்த இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள்.

“புதினா அழுகிப்போச்சுடா. நேத்து சாயங்காலம் புள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்சிட்டு வந்தேன்” என்றார் மூத்தவர்.

“வெயில் தலைக்கேறிடுச்சாண்ணே?”

“கேளுடா. பரிச்சையில ஃபெயிலானதுலேருந்து பாப்பா வாயே தொறக்கல. பதினஞ்சு நாளா படுத்துக்கினே இருந்தா. பச்சையா எதுனா கண்ணுல படட்டும்னு அவ ஜன்னல்ல சின்னத் தொட்டி வச்சு புதினா நட்டேன். ஷிப்ட்டுக்குக் கெளம்பும்போது தண்ணி ஊத்துவேன். அது தெரியாம உங்க அண்ணியும் தெனம் ஊத்திக்கினு இருந்திருக்கா.”

“அழுகாம என்னா பண்ணும்?”

“நேத்து சொம்போட போறேன், எழுந்து உக்காந்துட்டா. ‘ரெண்டு பேருமா ஊத்தியே கொன்னுட்டீங்களே! மைன்ஸ்ல அடுத்த ஷிப்ட் ஆளுங்ககிட்ட என்னா வேல முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுத்தான வர்ற, வூட்ல சொல்ல மாட்டியா?’ன்னு கத்துனா.”

“நீ என்னாண்ணே சொன்ன?”

“சொம்பப் புடிச்சிக்கினு அழுதுட்டேன்.”

இளையவர் கேட்டார்: “இன்னிக்குப் பேசுனாளா?”

“கெளம்பும்போது திட்டுனாடா. கொத்தமல்லி வெத வாங்காம வூட்டுக்குள்ள காலு வைக்காதன்னுட்டா.”