இன்னும் மூன்று ஊர்

நீங்கள் கதவைத் தட்டிய தட்டில் அலமாரி மேலிருந்த வெற்றிக் கோப்பை ஒன்று விழுந்து உருண்டது. நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையோடு போலீஸுக்குக் கதவு திறப்பது மரியாதையாக இருக்காது என்று கொப்பளித்துவிட்டு வந்தேன். அதற்குள் மறுபடியும் தட்டிவிட்டீர்கள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் மேடம். நான் ஓடிப்போகிற ஆள் இல்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது.

உங்களோடு வந்த ஏட்டு மெத்தையைப் புரட்டினார், பெட்டியைக் கவிழ்த்தார். நீங்கள் மட்டும் நேராகச் சுவருக்கு எதிரே போய் நின்றீர்கள். அங்கே ஓர் அட்டை தொங்குகிறது. இடது பக்கம் தேதி, நடுவில் ஊர், வலது பக்கம் எதிராளி. யார் எழுதியது என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினொரு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

என் தம்பி குத்துச்சண்டை சாம்பியன். முப்பத்துநான்கு சண்டை, முப்பத்துநான்கும் வெற்றி. அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், எத்தனை முட்டை சாப்பிடுகிறான் என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். அடுத்தது யாரோடு, எந்த ஊரில் என்று கேட்டால் அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணனைக் கேளுங்க" என்பான். வேடிக்கையாகப் பேசுகிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். யார், எங்கே, எப்போது, மூன்றையும் நான்தான் முடிவு செய்வேன். பயிற்சிக்கூடத்தில் எனக்குத் தரகர் என்று பெயர். "என்ன தரகரே, மாப்பிள்ளைக்கு அடுத்த எடம் அமைஞ்சுதா?" என்று பயிற்சியாளர் வம்புக்கு இழுப்பார். நானும் சிரித்துவைப்பேன். பொருத்தம் பார்க்கிற வேலைதானே.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவன் நான். அவனுடைய முதல் சண்டை பத்தொன்பது வயதில் நடந்தது. இரண்டாவது ரவுண்டில் புருவம் பிளந்து முகமெல்லாம் ரத்தம். நான் வெளியே ஓடி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வாந்தி எடுத்தேன். குழாயில் முகம் கழுவிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி அவன் மேல் அடி படக் கூடாது. குத்துச்சண்டையை விடச் சொன்னால் கேட்க மாட்டான். அப்படியென்றால் எதிரே நிற்பவன் அடிக்க முடியாதவனாக இருக்க வேண்டும். இது எல்லா அண்ணன்களுக்கும் தோன்றக்கூடியதுதான். நான் உட்கார்ந்து யோசித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து அவன் சண்டை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. மேடைக்குப் பின்னால் திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்பேன். மணிச் சத்தத்தை வைத்து ரவுண்டை எண்ணிக்கொள்வேன்.

கையெழுத்து விஷயம் தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு வெல்டர் வந்தார். பட்டறை வேலை, சாயங்காலம் குத்துச்சண்டை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்றும் என்னிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. புதியது அதில் பாதி. அதுவும் முடிவில் கீழே சரிந்து போயிருந்தது. ஆள் பார்க்க அதே ஆள்தான், எடைகூட மாறவில்லை. மேடையில் அவர் இடது கை அரை நொடி தாமதமாக வந்ததாம். தம்பி இரண்டாவது ரவுண்டில் முடித்துவிட்டான்.

தலையில் அடி வாங்கி வாங்கி உள்ளே பழுதான ஆளுக்கு, நடையோ பேச்சோ தடுமாறுவதற்கு முன்னால் கையெழுத்து சுருங்கும். டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. என் விஷயத்தில் அது ஒரு தடவையும் தப்பியதில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவேன். கோடு போட்ட தாள் கூடாது, கோடு இருந்தால் கை சமாளித்துவிடும். பழைய கையெழுத்தை எங்கிருந்தாவது வாங்குவேன். அளவுகோல் வைத்து அளப்பேன். மூன்றில் ஒரு பங்காவது சுருங்கியிருந்தால் அட்டையில் பெயர் ஏறும். அந்தக் கோப்பு இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. நேர்த்தியாக வைத்திருக்கிறேன் என்று நீங்களே சொன்னீர்கள்.

பிறகு ஊர். பெரிய நகரங்களில் சண்டைக்கு முந்தைய மாதம் இரண்டு பேருக்கும் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சின்ன ஊர்களில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், கண்ணில் டார்ச் அடிப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே கையெழுத்து சுருங்கிய ஆட்களை நான் பெரிய நகரத்தில் நிறுத்துவதில்லை. ஓர் ஊரில் பழைய ஐஸ் கிடங்கில் நடந்தது. இன்னொரு ஊரில் மரம் ஏலம் விடுகிற கொட்டகையில். நடுநடுவே ஒன்றிரண்டை, ஸ்கேனில் தேறுகிற வயதான ஆட்களோடு, தலைநகரில் வைத்துக்கொள்வேன். அப்போதுதான் சாம்பியன் என்ற பெயர் நிற்கும்.

கொத்தனாரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். கையெழுத்துப் போடும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே விட்டார். "கரண்டி புடிச்ச கை சார், பேனாவுக்கு நம்மளப் புடிக்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பேனாவை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே வைத்துக்கொடுத்தேன். சண்டை மூன்றாவது ரவுண்டில் முடிந்தது. உடை மாற்றுகிற அறையில் ஒரு கால் ஷூவைக் கழற்றினார், இன்னொன்றைக் கழற்றவில்லை. தலைக்கு ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தூரம். இரண்டாம் நாள் போய்விட்டார். மாலை வாங்கிக்கொண்டு நானும் போனேன். லாரி டிரைவர் ஒருவரும் உண்டு, அவர் உயிரோடுதான் இருக்கிறார். பெற்ற மகளைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாராம். நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை மேடம். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் செய்த தவறு வேறு.

தம்பிக்கு உள்ளூர ஓர் அரிப்பு இருந்திருக்கிறது. எதிராளிகள் சீக்கிரம் சீக்கிரம் விழுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. "நீ புடிச்சிட்டு வர்ற ஆளுங்கள அடிக்கக் கூச்சமா இருக்குண்ணே. தொட்டா விழுறாங்க" என்று ஒருமுறை சொன்னான். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, பயிற்சிக்கூடத்தில் தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஆட்களை வரச்சொல்லி, தலைக்கவசம் இல்லாமல் தினமும் ஆறு ரவுண்டு. ஸ்பாரிங் என்பார்கள், பயிற்சிச் சண்டை. அதற்கு வெற்றி தோல்வி கிடையாது, கணக்கில் வராது. அவன் அடிபடுவதைப் பார்க்க மனம் தாங்காது என்பதால் நான் பயிற்சிக்கூடத்தின் உள்ளே போவதே இல்லை. வாசல் அறையோடு சரி. மேடையில் நான் தடுத்த அடியையெல்லாம் அவன் ஏழு வருஷமாக உள்ளே நின்று வாங்கியிருக்கிறான்.

எனக்கு அது தெரியவந்தது போன வருஷம்.

தம்பி மகளுக்கு எட்டு வயது. அவளுடைய மதிப்பெண் அட்டையைப் பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பன் கையெழுத்து அல்ல, பிள்ளையே போட்டிருக்கிறாள் என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். தம்பி மனைவி அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா. இதுல உங்களுக்குத்தான் கண்ணு. அவரைக் கேட்டா, போட்டேனான்னு ஞாபகமில்லைங்கறாரு." குழந்தை தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பாதான் போட்டாரு பெரியப்பா" என்றது.

அட்டையில் மூன்று பருவத்துக்கும் மூன்று கையெழுத்து. முதலாவது கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. மூன்றாவது எறும்பு ஊர்ந்த மாதிரி, முடிவில் கீழே சரிந்து போயிருந்தது. அளவுகோல் தேவைப்படவில்லை. அட்டையை மூடிக் கொடுத்தேன். குழந்தைதான் போட்டிருக்கும், விளையாட்டுப் புத்தி என்றேன். தாய் அவள் முதுகில் இரண்டு வைத்தாள். குழந்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. குழந்தைகளுக்கு மறதி அதிகம், போகப் போகச் சரியாகிவிடும்.

டீச்சரிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி மறுநாள் அட்டையை வாங்கி ஒரு நகல் எடுத்தேன். ஓரத்தில் தேதியும் அளவும் எழுதிக் கோப்பில் வைத்தேன். வழக்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. இறப்புச் சான்றிதழுக்காகக் காகிதங்களைத் தேடப் போய் அந்த நகலைத்தான் தம்பி மனைவி எடுத்திருக்கிறாள். அதன் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்றீர்கள். அப்போது முப்பத்துமூன்று வெற்றி. சுவர் அட்டையில் இன்னும் நான்கு பெயர், நான்கு ஊர். முதல் ஊர் தலைநகரம். அங்கே ஸ்கேன் எடுத்தால் ஒரே நாளில் அவன் உரிமத்தை ரத்து செய்துவிடுவார்கள். வீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தான் யார் என்று யோசித்துக்கொண்டிருப்பான். அதை என்னால் பார்க்க முடியாது. முப்பத்தேழில் தோல்வியே இல்லாமல் முடித்துவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். ஆகவே அட்டையில் தலைநகரத்தின் பெயரை அடித்துவிட்டு, மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையைப் பிடித்தேன். சின்ன ஊர் ரசிகர்களையும் மறக்கக் கூடாது என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னேன். பெருந்தன்மை என்று எழுதினார்கள்.

எதிராளியையும் மாற்றி ஒரு பேக்கரிக்காரரைப் போட்டேன். அவர் கையெழுத்து முப்பத்தொரு மில்லிமீட்டர். தம்பியுடையது முப்பத்தாறு. ஐந்து மில்லிமீட்டர் நமக்குச் சாதகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது பகல் ஆட்டம், மொத்தம் எட்டு ரவுண்டு. தம்பிதான் ஜெயித்தான். புள்ளிக் கணக்கில் ஜெயித்தான், நடுவர் கையைத் தூக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காரில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். சின்ன வயதில் அப்படித்தான் தூங்குவான் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி நூற்றுப்பத்து கிலோமீட்டர். பாதி வழியில் தோளில் பாரம் கூடியது. எனக்குப் புரிந்தது. டிரைவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேகமாகப் போனால் அவன் தலை ஆடும்.

அட்டையில் மிச்சம் மூன்று பெயரை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அதில் அழிக்க என்ன இருக்கிறது? மூன்று பேரும் நல்ல பொருத்தம். மூன்று ஊரிலும் ஸ்கேன் கிடையாது. நான் முடிவு செய்ததில் எதுவும் பிசகவில்லை.

ஒன்றுதான் பாக்கி. பயிற்சியாளர் உங்களிடம் துண்டைப் பற்றிச் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளால் இனி முடியாது என்று பட்டால் அவன் பக்கத்துப் பயிற்சியாளர் துண்டை மேடையில் வீசுவார், சண்டை அதோடு முடிந்துவிடும். தோல்விதான், ஆனால் முடிந்துவிடும். அன்றைக்கு அந்த சினிமா கொட்டகையில் ஆறாவது ரவுண்டு முடிந்த மணி கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு பயிற்சியாளர் தலையை நீட்டினார். "தரகரே, இங்க வாங்க. இவன் கேக்கறதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க." அவர் கையில் துண்டு இருந்தது.

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக நான் திரையைத் தாண்டிப் போனேன். தம்பி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தமட்டில் என் வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மேடம், குழந்தை மாதிரி சிரிப்பு. நான் பயிற்சியாளர் கையிலிருந்த துண்டை வாங்கி, நாலாக மடித்து, என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எந்த ஊருண்ணே இது?" என்றான்.

"எந்த ஊரா இருந்தா என்னடா. இது போக இன்னும் மூணு ஊர்தான், எந்திரி."