கதவைச் சாத்திக்கொண்ட பதிவாளர் தோன்யா மெந்தோசாவுக்கு

பிறந்த பிள்ளைக்குப் பெயரென்னும் முதற்சட்டையை மாட்டிவிட்ட பெருந்தகையே! முப்பத்தோராண்டு எங்கள் ஐயத்துக்கு இடமளித்தும் விடையளிக்காத பிடிவாதத்தின் பேருருவே! பணி நிறைவுறும் இந்நாளில், தங்கள் அலுவலகப் பணியாளர்களாகிய நாங்கள் தங்களை வாழ்த்த எழுந்தோம். சற்றே விசாரிக்கவும் எழுந்தோம்.

மனாபி மாகாணக் கடற்கரையில் நம் புவெர்த்தோ சலாஸில் விந்தைப் பெயர்களுக்கு என்றும் பஞ்சமில்லை. அப்பன் பெயரில் பாதியும் ஆத்தாள் பெயரில் பாதியும் வெட்டி ஒட்டியவை உண்டு. புயலின் பெயரும் படகின் பெயரும் உண்டு. அத்தகைய பெயரோடு எவர் வந்தாலும் தாங்கள் எழுந்து கதவைச் சாத்துவீர்கள். உள்ளே சிரிப்பு கேட்கும், சில வேளை விம்மல் கேட்கும். மறுநாள் காலை உள்ளூர் வானொலி அதே பெயரை ஊரெல்லாம் இழுத்துக் கேலி செய்யும். ஐயப்படாமல் என்ன செய்வோம்? தாங்கள் மீன் வாங்கச் சென்றால்கூட, மீன்காரியிடம் என்ன பேசினீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

டாக்சி ஓட்டும் ருஃபீனோவின் மனைவி ஹசிந்தா, ஊரின் ஒரே போக்குவரத்து விளக்கடியில், வண்டிக்குள்ளேயே மகளைப் பெற்றெடுத்தார். அந்த விளக்கின் பெயரையே, செமாஃபோரா என்று, பிள்ளைக்கு இட்டார்கள். மறுநாள் வானொலி முழங்கியது: "பாப்பா கண்ணு செவந்து அழுதா, தெருவுல வண்டியெல்லாம் நின்னுடுமாம்!"

ருஃபீனோ கொதித்து வந்தார். "நம்பி உள்ள வந்து சொன்னோமே, தோன்யா! இப்படி ஊர் சிரிக்க வச்சிட்டீங்களே!" என்று கத்திவிட்டு, மேலிடத்துக்குப் புகாரும் அனுப்பினார். விசாரணை அதிகாரி வந்தார்.

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னம்மா பேசுறீங்க?"

"பெத்தவங்க வேணும்னா சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்."

"வேலை போயிடும். ஓய்வூதியமும் கிடைக்காது."

அகப்பட்டுக்கொண்டார் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது கையில் பிள்ளையோடு ஹசிந்தா முன்னே வந்தார். "நான் சொல்றேன் சார். ஊரு என்னென்ன கேலி பண்ணுமோ, அத்தனையும் இவங்களே பண்ணிக் காட்டுனாங்க. 'பள்ளிக்கூடத்துல பசங்க இப்படிக் கத்துவாங்க, வாத்தியாரு இப்படிச் சிரிப்பாரு, உன் பொண்ணு என்ன பதில் சொல்லுவா?'ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் அவங்க தன்னோட முழுப்பேரைச் சொன்னாங்க. தெமாசியாதா."

அம்மையார் என்று பொருள்படும் 'தோன்யா' என்ற அழைப்பையும் 'தெ. மெந்தோசா' என்ற கையொப்பத்தையும் மட்டுமே அறிந்திருந்த நாங்கள் திகைத்தோம். 'அளவுக்கு மிஞ்சியவள்'! ஒன்பதாவதும் பெண்ணாகப் பிறந்ததற்குத் தகப்பன் காட்டிய சலிப்பு!

"'எனக்குப் பதில் சொல்லிக்கொடுக்க ஆளில்ல, உன் மகளுக்கு நீ இருக்கே'ன்னாங்க சார்."

"என்ன பதில் சொல்லிக்கொடுப்பே?" என்றார் அதிகாரி.

"'நான் இல்லேன்னா நீங்கெல்லாம் மோதிக்கிட்டு செத்திருப்பீங்கடா'ன்னு!"

சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போன அதிகாரி, காத்திருப்போர் கூடத்தில் பொரித்த பலகாரம் விற்கும் ஒப்துலியாவிடம் வாழைக்காய் எம்பனாடா வாங்கினார். அவளோ எம்பனாடாவோடு அந்த விளக்குக் கேலியையும் சேர்த்துக் கொடுத்தாள். "சான்றிதழ் வாங்கிக்கச் சொல்லி இங்க ஒலிபெருக்கியில பிள்ளைங்க பேரைக் கூப்புடுறாங்கல்ல சார், கேட்டு என் அக்கா மகனுக்குச் சொல்லுவேன். ரேடியோவுல அவன்தான் பேசுறான்!" என்று பெருமையும் பட்டுக்கொண்டாள். அன்றோடு ஒலிபெருக்கி கழற்றப்பட்டது. ருஃபீனோ புகாரைத் திரும்பப் பெற்றுத் தங்கள் கையைப் பற்றிக்கொண்டார்.

பழி நீங்கியது, பண்பின் பெட்டகமே! ஐயம் நீங்கவில்லை. நாள்தோறும் ஒப்துலியாவிடம் வாங்கி உண்ட தங்களுக்கு, பெயர்கள் அவள் வழியே போவது முன்பே தெரியாதா? தெரிந்துமா எங்கள் கடைக்கண் பார்வையைச் சுமந்தீர்கள்? கேட்டால், "எம்பனாடா நல்லா இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்!

உடல் நலிவின்றி, உறக்கம் கெடாமல், கடற்காற்றும் கனிந்த வாழைப்பழமும் துணையிருக்க நெடுங்காலம் வாழ்க! அளவுக்கு மிஞ்சியே வாழ்க! சட்டமிட்ட இம்மடல் தங்கள் வீட்டுச் சுவரில், வருவோர் போவோர் கண்ணில் படும்படி தொங்கும் என்றறிந்தே, எங்கள் பெயர்களை முழுதாக எழுதுகிறோம். சிரிப்பவர் சிரிக்கட்டும், பதில் கைவசம் உண்டு.

வெள்ளியன்று பிறந்த வியெர்னெஸ் இன்த்ரியாகோ
'ரசீது' எனப் பொருள்படும் ரெசீபோ மாசியாஸ்
தந்தையின் கால்பந்து அணி தோற்ற நாளில் பிறந்ததால் 'தோல்வி' எனப் பெயர்பெற்ற தெர்ரோத்தா சொலோர்சானோ

பதிவு அலுவலகப் பணியாளர்கள், புவெர்த்தோ சலாஸ்